வில்ஃப் என்ட்விசில் ஹாலை டிராப் செய்த கதை

இங்கிலாந்தில், ராச்டேலுக்குப் பக்கத்தில் எங்கள் தெருவில் எல்லாரும் எதையாவது நாசமாக்கிக்கொண்டே இருந்தார்கள், வில்ஃப் என்ட்விசிலைத் தவிர. கோடிவீட்டுக்காரர் ஒரு தட்டு மீனையும் சிப்ஸையும் ‘டெமாலிஷ்’ செய்வார். எங்கள் பந்தாட்ட அணி எதிரணியை ‘டெஸ்ட்ராய்’ செய்யும், அதாவது ஒரு கோல் கூடுதலாகப் போடும். தாகமெடுத்தவன் ஒரு கோப்பைத் தேநீரை ‘மர்டர்’ செய்யத் தயாராக இருப்பான். வில்ஃபின் மனைவி ஈனிட்டுக்கு மழையில் நனைந்தால் தலைமுடி ‘ரூயின்’, இறைச்சி கருகினால் ஞாயிற்றுக்கிழமை ‘ரூயின்’. வில்ஃப் சேற்றுக் காலோடு உள்ளே வந்தால் வாழ்க்கையே ‘ரூயின்’.

வில்ஃபின் வேலையோ கிரேனில் இரும்புக் குண்டைத் தொங்கவிட்டு, பழைய ஆலைகளையும் தேவாலயங்களையும் தரைமட்டமாக்குவது. அந்தத் தொழிலில் இருந்தவர்கள் யாரும் அதை அப்படிச் சொல்லமாட்டார்கள். இறக்குகிறோம், எடுத்துவிடுகிறோம், இடத்தைச் சுத்தம் செய்கிறோம் என்பார்கள். வில்ஃபுக்குப் பிடித்த சொல் ‘டிராப்’. “போன வாரம் ஒரு புகைபோக்கியை டிராப் பண்ணினோம்” என்பார், கைக்குட்டையைத் தவறவிட்டதுபோல. ஆங்கிலேயர்கள் தங்கள் வினைச்சொற்களை இப்படித்தான் பங்கிட்டிருக்கிறார்கள்: சத்தமானவை சாப்பாட்டுக்கு, சாதுவானவை சாவுக்கு. பந்தயக் குதிரை ஒன்றுதான் விதிவிலக்கு. கால் ஒடிந்தால் அதை உண்மையாகவே ‘டெஸ்ட்ராய்’ செய்வார்கள், அதாவது கொன்றுவிடுவார்கள்.

அந்த வருஷம் நகரசபைக்குக் கார் நிறுத்த இடம் தேவைப்பட்டது. கண்ணில் பட்டது டான்ஸ் ஹால். செவ்வாய்தோறும் அங்கே ஆலைவேலையிலிருந்து ஓய்வுபெற்ற பெண்களை ஆடவைப்பது ஈனிட்டின் ராஜ்ஜியம். ஹாலை இடிக்கக்கூடாது என்று ஒரு மனு எழுதி, அவளும் அவள் தோழி வீரா கிளெக்கும் ஊரெல்லாம் கையெழுத்து வாங்கினார்கள். நகரசபை இடிக்க முடிவு செய்தாலும், அடுத்த புதன் மாலைக்குள் அந்த மனுவைக் கொடுத்தால் மறுபடி விசாரித்தே ஆகவேண்டும். ஈனிட்டுக்கு அந்த ஹால் இல்லாத செவ்வாய்க்கிழமையைக் கற்பனை செய்ய முடியவில்லை.

நகரசபை முடிவெடுத்தது. வேலை வில்ஃபின் முதலாளிக்கே வந்து சேர்ந்தது. வில்ஃப் புயலுக்குத் தயாராகித் தொப்பியைக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்றார். நான் பக்கத்து வீடு. எங்கள் நடுச்சுவர் அவ்வளவு கனமில்லை.

“ஹால் விஷயம் முடிவாயிடுச்சு, கண்ணு.”

“என்னாச்சு? சீக்கிரம் சொல்லித் தொலையேன்!”

“டிராப் பண்றாங்க. வியாழக்கிழமை.”

ஒரு வீறிடல் கேட்டது. பிறகு முத்தச் சத்தம். நகரசபை திட்டத்தைக் கைவிடுகிறது, வியாழனன்று அறிவிக்கப்போகிறது என்று ஈனிட் எடுத்துக்கொண்டாள். வில்ஃபோ, இத்தனை வருஷத்தில் பெண்டாட்டிக்குப் பக்குவம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டார். கூச்சத்தில் இருவருமே மேற்கொண்டு எதையும் கேட்கவில்லை. ஜெயித்த பிறகு மனு எதற்கு? அது அலமாரிக்குப் போனது.

புதன்கிழமை மாலை ஹாலில் விருந்து. வண்ணக் காகிதத் தோரணம், பன்றிக்கறி சாண்ட்விச், வீரா சுட்ட கேக். வில்ஃப் சட்டைக்கு டை கட்டி, முகத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். அவர் கணக்கில் இது வழியனுப்பு விழா. அவரைக் குறை சொல்ல முடியாது. இந்த நாட்டில் பிறந்தநாளுக்கும் இழவுக்கும் அதே சாண்ட்விச்தான்.

“ரொம்பப் பெரிய மனசு உங்களுக்கெல்லாம்,” என்றார் வீராவிடம்.

“நமக்கென்னப்பா, ஜெயிச்ச கட்சி!” என்றாள் வீரா. உள்ளே போன ஷெர்ரி மது பேசுகிறது என்று வில்ஃப் நினைத்துக்கொண்டார்.

ஈனிட் மேடையேறினாள். “நல்ல சேதியை முதல்ல கொண்டுவந்தது யாரு? என் வீட்டுக்காரர்! வில்ஃப், வெக்கப்படாம மேல வா. டிராப் பண்றாங்கன்னு நீயே சொல்லு!”

வில்ஃப் ஏறினார். கீழே உற்சாகமான முகங்களைப் பார்த்தார். எங்கோ ஒரு செங்கல் நகர்ந்ததை அப்போதுதான் உணர்ந்தார்.

“டிராப் பண்றாங்க இல்ல, கண்ணு. நான்தான் பண்றேன். காலையில.”

“நீயா? நீ எப்படிப் பண்ணுவே?”

“கிரேன்ல.”

எல்லாரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்கள். மனுவை வாங்கவேண்டிய நகரசபை அலுவலகம் பூட்டியாகிவிட்டிருந்தது.

“அட கடவுளே,” என்றாள் வீரா, “ரெண்டு கேக்கு சுட்டேனே!”

ஈனிட் ஒலிவாங்கியை மெதுவாக வைத்தாள். “எனக்குக் கொஞ்சம் ஏமாத்தமா இருக்கு, வில்ஃப்.”

அந்த ஊரில் இதற்கு மேல் ஒரு வசவு கிடையாது. கேக்கை வீணாக்கக்கூடாது என்று மற்றவர்கள் சாப்பிட்டு முடித்தார்கள்.

காலையில் தெருவே வேலிக்கு வெளியே நின்றது. ஈனிட் நல்ல கோட்டை அணிந்து முன்வரிசையில் இருந்தாள். கிரேனில் உட்கார்ந்திருந்த வில்ஃபுக்கு அவள் முதுகைக் காட்டியிருந்தாலாவது பரவாயில்லை. அவளோ நேராக அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் வீச்சில் குண்டு சுவருக்கு வெளியே காற்றில் போய்வந்தது. அடுத்தது சுவரைத் தொட்டு, மன்னிப்புக் கேட்பதுபோலத் திரும்பியது. பிறகு ஒரு ஜன்னல் போனது. அப்புறம் கூரையின் ஒரு மூலை. ஹால் சாகவுமில்லை, பிழைக்கவுமில்லை. பாதிக் கூரை தொங்க, உள்ளே நேற்றைய தோரணம் காற்றில் ஆடியது.

“இவன் இறக்குறானா, தாலாட்டுறானா?” என்றார் கோடிவீட்டுக்காரர்.

மறுபடியும் ஒரு தடவல். கொஞ்சம் காரை உதிர்ந்தது. ஈனிட் வேலியை இரண்டு கையாலும் பிடித்தாள்.

“வில்ஃப் என்ட்விசில்! கொல்றதுன்னா கொன்னு தொலை! அதை இப்படி வதைக்காதே!”

அடுத்த வீச்சில் முன்சுவர் முழுசாக உள்ளே சாய்ந்தது. புழுதி அடங்குவதற்குள் ஈனிட் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவள் குரல் தெருக்கோடி வரைக்கும் கேட்டிருந்தது. அதற்குப் பிறகு அங்கே கார் நிறுத்த இடம் கிடைக்காதவர்கள்கூட, ஹாலை டிராப் பண்ணியது ஈனிட் என்றுதான் பேசிக்கொண்டார்கள். வில்ஃப் அதை ஒருநாளும் மறுக்கவில்லை.