ஒட்டாத இரண்டு வயலின்கள்

இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. நாகல் நகரில் ஒரு மாடியில் இருக்கும் அந்த ஸ்டூடியோவைப் பிடித்துக் கொடுத்தவர் அப்பாதான். பழனி பாதயாத்திரைப் பாட்டும் மாதா பாட்டும் அங்கேதான் பதிவாகும். நானும் என் தோழியும் பதிவு செய்யப் போனது, இரண்டு வயலின்களுக்காகப் போன நூற்றாண்டில் ஐரோப்பாவில் எழுதப்பட்ட இசை. சிறு வயதிலிருந்து மாதா கோயில் பாடற்குழுவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவர்கள் நாங்கள். அந்த வாரம் அவள் கணவரோடு கனடா போகிறாள். இனி எப்போது சேர்ந்து வாசிப்போமோ என்றுதான் அந்தப் பதிவே.

அந்த இசையில் இரண்டு வயலினும் அரைச் சுரம் விலகி நின்று உரசிக்கொண்டே போகும். ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்காது. கேட்டால் பல் கூசும். அந்தக் கூச்சத்துக்காகத்தான் உயிரைக் கொடுத்துப் பழகினோம். நான் பழகத் தொடங்கினாலே அப்பா கதவைச் சாத்திக்கொள்வார்.

அவள் விமானம் ஏறிய பிறகு பதிவை வாங்கப் போனேன். காதில் மாட்டிக் கேட்டால், அடியில் சுருதிப்பெட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. அதன்மேல் இரண்டு வயலினும் சமர்த்துப் பிள்ளைகளாகக் கைகோத்து நடக்கின்றன. உரசல் மருந்துக்குக்கூட இல்லை.

"ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டவே இல்லக்கா. பாவம், அம்புட்டுக் கஷ்டப்பட்டு வாசிச்சிருக்கீங்களேன்னு நானே கம்ப்யூட்டர்ல உக்காந்து சுதி சேத்துவிட்டேன்" என்றார் ஸ்டூடியோக்காரர்.

நாங்கள் வாசித்தது எங்கே என்று கேட்டேன். கம்ப்யூட்டரில் இடம் அடைக்கிறதென்று அழித்துவிட்டாராம். பாட்டுக்காரர்கள் யாரும் அதைத் திரும்பக் கேட்பதில்லையாம். ஒரு போன் போட்டுக் கேட்க வாயில்லையா என்று கத்தினேன். அவர் திருதிருவென்று விழித்தார். உதவி செய்தவனிடம் பாயும் திமிர் பிடித்தவள் என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும்.

வீட்டுக்கு வந்தால், அதற்குள் ஸ்டூடியோக்காரர் சுதி சேர்த்த பதிவை அப்பாவின் போனுக்கு அனுப்பியிருக்கிறார். பூசை முடிந்து வந்த சொந்தக்காரர்களை உட்காரவைத்து அப்பா போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. என் வாசிப்பைக் கேட்டு அவர் கலங்கி நான் பார்த்ததே இல்லை.

"இம்புட்டு நாளும் தப்புத் தப்பா வாசிச்ச. இப்பத்தாம்மா சரியா வந்திருக்கு."

அது நான் வாசித்ததே இல்லை என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். பிள்ளைக்குத் தன்னடக்கம் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிவிட்டு, அப்பா சத்தத்தைக் கூட்டி வைத்தார்.