கோவாக் கந்தோர் செல்லத்துரையர்

பதுளை பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள தேநீர்க் கடையில் பகல் வானொலி மரண அறிவித்தல் வாசித்துக்கொண்டிருந்தது. நான் வடை தின்றுகொண்டு காது கொடுக்காமல் இருந்தேன். தினமும் யாரோ சாகிறார்கள்; எல்லாருக்கும் காது கொடுத்தால் வடை ஆறிவிடும். "பதுளையில் ஆய்வுகூட உத்தியோகத்தராகக் கடமையாற்றிய செல்லத்துரை யாழ்ப்பாணத்தில் காலமானார்" என்று கேட்டதும் கடைக்காரர் என்னைப் பார்த்தார். "நம்ம கோவாக் கந்தோர் ஐயாவா?" என்றார். பாதி வடையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அவரை அறிந்த உங்களுக்கு அந்தக் கந்தோரும் தெரிந்திருக்கும். இரண்டே அறை அரசாங்க அலுவலகம், ஒழுகும் தகரக் கூரை. சந்தைக்கு வரும் கோவா என்கிற முட்டைக்கோஸ், லீக்ஸ், பீன்ஸ், தோடம்பழம் எல்லாவற்றிலும் நஞ்சு கிஞ்சு ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பதே வேலை. தோட்டங்களில் புல் அழிக்கவும் பூச்சி கொல்லவும் ஆர்செனிக் என்கிற பாஷாணம் கலந்த தெளிப்புகள் வந்துவிட்ட காலம். செல்லத்துரையர் சோதிப்பார், நான் அறிக்கையைத் தட்டச்சு செய்து அனுப்புவேன். மேசை முழுக்க கோவா கிடந்ததால் ஊர் எங்களுக்கு வைத்த பெயர் கோவாக் கந்தோர். மேலிடத்துக்குப் போகும் கடிதத்தில்கூட நான் ஒருமுறை அப்படியே அடித்துவிட்டேன். அவர் திட்டவில்லை. "உண்மையைத்தானே அடிச்சிருக்கிறீர், விடும்" என்றார்.

யாழ்ப்பாணத்து மனுஷன். சோறு வீட்டிலிருந்து, தண்ணீர் வீட்டிலிருந்து. பத்து வருஷத்தில் என் கையால் ஒரு மிடறு தேத்தண்ணி குடித்ததில்லை. "சேர், பதுளைத் தண்ணியில என்ன குறை?" என்று சீண்டுவேன். "சோதிக்காத தண்ணி ஐசே" என்று சிரிப்பார். சோதனைதான் காரணமா, வேறு காரணமா என்று நான் கேட்டதில்லை. உள்ளுக்குள் எனக்குக் கோபம் இருந்தது, மறைப்பானேன்.

மாரியாயி அக்காவின் விஷயத்தைச் சொல்லாமல் அவரைப் பற்றி என்ன எழுதினாலும் அது வெறும் மாலைதான். நமுனுகுலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர், புருஷன் இல்லை. தோட்டம் கொடுத்த வரிசை வீடான லயத்துக்குப் பின்னால் கையளவு நிலத்தில் கோவா போட்டு, ஞாயிற்றுக்கிழமை பதுளையில் விற்பார். அவரிடம் வாங்கிச் சமைத்த ஒரு வீட்டில் எல்லாருக்கும் வாந்தி. சுகாதாரப் பரிசோதகர் மிச்சமிருந்த கோவாவையும் அக்காவையும் எங்கள் கந்தோருக்குக் கொண்டுவந்தார். அக்கா வாசற்படிக்குக் கீழேயே நின்றார்.

"கோவாவுக்கு மருந்து ஏதும் போட்டனீங்களோ?" என்று செல்லத்துரையர் பதமாகத்தான் கேட்டார்.

"ஆமாங்க, போட்டேன். புழு விழுந்துச்சு. மருந்து போட்டாத்தானே நிக்கும்."

அவ்வளவுதான் பேச்சு. நான் பக்கத்தில் குறிப்பெடுத்துக்கொண்டு நின்றேன்.

எங்கள் சோதனை சிக்கலானதல்ல. கோவாவை அமிலத்தில் கரைத்து, துத்தநாகத் துண்டுகளோடு போத்தலில் போட்டால் வாயு எழும். மேலே ஒரு காகிதத் துண்டு. பாஷாணம் இருந்தால் காகிதத்தில் மஞ்சள் கறை விழும். ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் இன்னொரு போத்தல் வைக்க வேண்டும்: கோவா இல்லாமல், மற்றதெல்லாம் போட்டு. அதில் கறை விழக்கூடாது. அதை வெறும் போத்தல் என்போம். அன்று அவர் வெறும் போத்தல் வைக்கவில்லை. போட்டேன் என்று வாயாலேயே சொல்லிவிட்டாளே, பிறகென்ன என்று நினைத்துவிட்டார். கறை விழுந்தது. "பாஷாணம் உண்டு, பயிரிட்டவரே ஒப்புக்கொண்டார்" என்று எழுதினார். நான் அடித்தேன்.

தோட்டத்துத் துரை அறிக்கையைப் பெரட்டில் வாசிக்கச் சொன்னாராம், விடிகாலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கக் கூடிய அத்தனை ஆட்கள் முன்னால். பாத்தியைப் பிடுங்கிப் புதைத்தார்கள். மாதக் கடைசியில் பத்துச்சீட்டுக் கொடுத்துத் தோட்டத்தை விட்டே அனுப்புவது என்று முடிவானது. குடியுரிமை இல்லை, இந்த நாடு உனக்கில்லை என்று தோட்டத்து எங்கள் சனத்துக்குச் சட்டம் சொல்லியிருந்த நேரம். லயமும் போனால் அந்த மனுஷி எங்கே போவார்?

அடுத்த கிழமை தோடம்பழத்தில் கறை. மறுநாள் லீக்ஸில் கறை. செல்லத்துரையர் முகம் மாறியது. வெறும் போத்தல் வைத்தார். அதிலும் மஞ்சள். புதிதாக வந்த துத்தநாகத்திலேயே பாஷாணம் கலந்திருந்தது. அவர் அந்தக் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "முத்தையா, எங்கட சோதனைப்படி வெறும் தண்ணியும் குற்றவாளி" என்றார். முன்பு வாங்கி மிஞ்சியிருந்த துத்தநாகத்தில், எடுத்துவைத்திருந்த அக்காவின் கோவாவை மறுபடி சோதித்தோம். காகிதம் வெள்ளையாகவே இருந்தது. அந்த வீட்டின் வாந்திக்குப் பழைய மீன் காரணம் என்று டாக்டர் பிற்பாடு சொன்னார்.

அறிக்கையை வாபஸ் வாங்கினால் வரவிருந்த பதவி உயர்வு போய்விடும் என்று மேலிடத்தில் ஒருவர் நல்லெண்ணத்தோடு சொன்னார். துரைக்கு ஒரு கடிதம் போட்டால் போதுமே என்றார். "பிழை விட்டவன் தபாலிலை மன்னிப்புக் கேக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டு இவர் குடையை எடுத்தார். நானும் கிளம்பினேன்.

கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் சாயங்காலம் எல்லாரும் கூடையோடு நின்றார்கள். துரையிடம் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, ஆட்கள் பக்கம் திரும்பினார். "இவவின்ர கோவாவிலை நஞ்சில்லை. பிழை என்னுடையது. நான் சரியாச் சோதிக்காமல் எழுதிப்போட்டன்" என்றார். பின்னாலிருந்து ஒரு கிழவர், "அப்ப மருந்து போட்டேன்னு அதுவே சொல்லிச்சாமே?" என்றார்.

மாரியாயி அக்காவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. "அடுப்புச் சாம்பலுங்க. புழுவுக்குச் சாம்பலைத்தானே போடுவோம். அதைத்தானுங்க மருந்துன்னேன்."

செல்லத்துரையர் குடையை ஊன்றிக்கொண்டு தலை குனிந்து நின்றார். அவருடைய ஊரில் மருந்து என்றால் கடையில் வாங்கித் தெளிக்கிற மருந்து. பிறகு அக்காவிடம், "ஒரு கோவாவாவது மிச்சமிருக்கோ பிள்ளை?" என்று கேட்டார். வேலியோரம் பிடுங்காமல் விட்ட சவலைக் கோவா ஒன்று இருந்தது. "அதைச் சமையுங்கோ. நான் சாப்பிட்டுத்தான் போவன்."

லயத்து வாசலில் சாக்கு விரித்து உட்கார்ந்து, ரொட்டியும் கோவாச் சுண்டலும் சாப்பிட்டார். அக்கா கொடுத்த தேத்தண்ணியையும் குடித்தார். சுற்றி நின்றவர்கள் அவர் வாயையே பார்த்தார்கள். "உப்பு ஒரு கல்லுக் குறைவு" என்றார். அக்கா அழுதுகொண்டே சிரித்தார். பக்கத்து அறையான காம்பிராவில் இருந்தவள் உள்ளே போய் உப்பு எடுத்து வந்தாள்; அறிக்கை வாசித்த நாளிலிருந்து அவள் அந்த வாசலை மிதிக்காமல் இருந்தவளாம். பத்துச்சீட்டு நின்றது. அவருடைய பதவி உயர்வும் நின்றது. அடுத்த வருஷம் வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள்.

திரும்பும் பஸ்ஸில் அவர் என்னிடம் கேட்டார்: "சாம்பலை மருந்து எண்டு சொல்லுவினம் எண்டு உமக்கு முந்தித் தெரியுமோ?"

"தெரியாதுங்க சேர்" என்றேன்.

"உமக்கு எப்பிடித் தெரியும். கேக்க வேண்டியவன் நான்" என்று சொல்லி என் தோளைத் தட்டினார்.

நான் அப்புத்தளைப் பக்கத்து லயத்தில் பிறந்தவன். கந்தோரில் அப்புத்தளை என்று மட்டும் சொல்வேன். லயம் என்று சொன்னதில்லை. அன்று அக்கா வாசற்படிக்குக் கீழே நின்று சொன்னபோதே எனக்கு விளங்கியது. "சேர், அது சாம்பல்" என்று சொன்னால், உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பாரே என்று வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டேன். அந்த வெட்கத்தில் ஒரு மனுஷியின் வீடு போகவிருந்தது. பாதிப் பிழை என்னுடையது. முழுவதையும் அவர் சுமந்துகொண்டு போய்விட்டார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது தோளில் பட்ட அந்தத் தட்டு. அதை வாங்கிக்கொள்ள எனக்கு உரிமை இருந்ததில்லை, சேர். எங்கள் அம்மாவும் சாம்பலைத்தான் மருந்து என்பாள்.