மறதிக்குச் சாட்சி

பஸ் டிப்போவின் உதிரிபாகக் கிடங்கில் முப்பது வருஷமாக இருப்பவளை எல்லோரும் ஸ்டோர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த ரேக்கில் எந்த கேஸ்கெட், எந்த டப்பாவில் எந்த போல்ட் என்று கேட்டால் தலை நிமிராமல் சொல்வாள். கம்ப்யூட்டர் வந்த பிறகும் மெக்கானிக்குகள் அவளிடம்தான் கேட்டார்கள். கம்ப்யூட்டர் திட்டாது என்பது ஒன்றுதான் அதற்கிருந்த பெருமை.

அவளுடைய சொந்த அக்காவுக்கு அல்சைமர் வந்து நாலு வருஷம். போன மாதம் பார்க்கப் போனபோது, "நீங்க யாருங்க?" என்று மரியாதையாகக் கேட்டாள் அக்கா. வாழ்நாள் முழுக்க "ஏய்" என்று கூப்பிட்டவள். யார் மேல் என்று தெரியாமலே இவளுக்கு ஆத்திரம் பொங்கியது. அந்த நோய்க்கு மருந்து ஆராய்ச்சி நடக்கிறது, குடும்பத்தில் நோய் இருந்தும் தங்களுக்கு இன்னும் ஞாபகம் கெடாதவர்கள் தேவை என்று கேள்விப்பட்டதும் ஓடிப்போய்ப் பேர் கொடுத்தாள். எப்படியாவது இதில் சேர்ந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

ரத்தம் எடுத்தார்கள், தலையை ஸ்கேன் செய்தார்கள். பத்து வார்த்தை சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். வரிசை மாறாமல் ஒப்பித்தாள். மிச்சம் ஒன்றுதான். தினமும் அவளைப் பார்க்கிற ஒருவர் வந்து அவள் ஞாபகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கணவரைக் கூட்டிப்போனாள். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"இவங்களுக்கு மறதி ஏதாவது உண்டா சார்?" என்று நர்ஸ் கேட்டாள்.

"இருக்கும்மா. ஒரு வருஷமா என் பிரஷர் மாத்திரைய எடுத்து வைக்க மறந்துடறா. என் தங்கச்சிக்கு போன் பண்றதில்ல. எனக்குச் சட்டை தேய்க்கிறதையே மறந்துட்டா, பாவம்."

அந்த 'பாவம்'தான் அவளுக்குச் சுரீரென்றது. நர்ஸ் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டு, "இப்படின்னா எடுத்துக்க மாட்டாங்கம்மா" என்றாள்.

"அத அடிச்சிடுங்க. நான் எதையும் மறக்கல. நிறுத்திட்டேன்."

"என்னத்த நிறுத்தின?" என்றார் கணவர்.

"போன ஜூன் ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை. அக்காவ நம்ம வீட்ல வச்சுக்கலாமான்னு கேட்டேன். பேப்பர்லேருந்து கண்ண எடுக்காம, 'பைத்தியத்த எல்லாம் இங்க கூட்டிட்டு வராதே'ன்னீங்க. மறுநாள் காலைலேருந்து நிறுத்தினேன்."

"நானா? அப்படியா சொன்னேன்?"

பொய் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். மனுஷனுக்கு நிஜமாகவே ஞாபகமில்லை. ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு அவள் காட்டிய கோபத்தை நோய் என்று நினைத்திருக்கிறார். நோய் என்று நினைத்தவர் ஒரு நாளாவது டாக்டரிடம் கூட்டிப்போனாரா? அதுவும் கிடையாது.

"தினமும் உங்களைப் பார்க்கிறவங்க வேற யாராவது இருக்காங்களா?" என்றாள் நர்ஸ்.

அவள் அங்கேயே டிப்போவின் தலைமை மெக்கானிக்குக்கு போன் போட்டு, விஷயத்தைச் சொல்லி, நர்ஸுக்கும் கேட்கும்படி வைத்தாள். தினமும் அவளோடு சண்டை போடுகிற ஆள்.

"மறதியா? அக்காவுக்கா? நல்ல கதை! பதினோரு வருஷம் முன்னாடி நான் தொலைச்ச ஸ்பேனர இன்னும் கேட்டுட்டிருக்காங்க. நாளைக்கே லீவு போட்டுட்டு வரேன்."

"புருஷன் நான் இருக்கும்போது வெளியாள் எதுக்கு?" என்று கணவர் எழுந்தார்.

அவள் நர்ஸைப் பார்த்தே சொன்னாள். "மெக்கானிக் பேரையே எழுதுங்கம்மா. தினமும் என்னைப் பார்க்கிறவர்தானே வேணும்? இவர் ஒரு நாளும் பார்த்ததில்ல."