ஜோதியம்மாள் காசியில் விட்டது

பூட்டைத் திறந்ததும் ஜோதியம்மாள் பையை வாசலிலேயே போட்டுவிட்டு, நேராகப் போய்ச் சமையலறை ஜன்னலைத் திறந்தாள். மலை அங்கேயே இருந்தது.

"இருக்கியா?" என்றாள்.

மலையடிவாரத்து வேங்கிக்காலில் அந்த இரண்டு அறை வீடு, கணவன் கண்மூடிய பிறகு அவள் ரவிக்கை தைத்துத் தைத்தே கடனிலிருந்து மீட்டு நிறுத்திய வீடு. குழந்தை இல்லை. தம்பி தசரதன்தான் உயிர். போன தை மாதம் அவன் தன் குடும்பத்தோடு அவளையும் காசிக்குக் கூட்டிப்போனபோது தெருவே மெச்சியது. சத்திரம் சத்திரமாக ஸ்டவ் மூட்டி எல்லோருக்கும் சமைத்தது அவள்தான் என்பது தெருவுக்குத் தெரியாது.

காசிக்குப் போனால் பிடித்த ஒன்றை விட்டுவிட்டு வர வேண்டும். தசரதன் மனைவி வினோதினி கங்கையில் நின்று சுரைக்காயை விட்டாள். அவள் அதை எந்தக் காலத்திலும் தொட்டதில்லை! தசரதன் பப்பாளியை விட்டான். "நீ என்னக்கா விட்டே?" என்று அவன் கேட்டபோது ஜோதியம்மாள் மூக்கைப் பிடித்துக்கொண்டாள். முங்கி எழுந்தாள், அவ்வளவுதான்.

திரும்பும் வழியில் சென்னையில் தங்கள் வீட்டிலேயே அவளை இறக்கிக்கொண்டார்கள். அவளுக்குப் படுக்கை பிரிட்ஜின் பக்கத்தில். அது உறுமும்போதெல்லாம் திடுக்கிட்டு விழிப்பாள். எழுந்தால் தோசைக்கல், உட்கார்ந்தால் வெங்காயம்.

இன்று காரில் அழைத்து வந்ததும் விட்டுப்போக அல்ல. துணிமணியை எடுத்துக்கொண்டு, வீட்டை வாடகைக்கு விட்டு, ஒரேயடியாகச் சென்னைக்குக் கொண்டுபோக. தசரதன் கையில் கனமான புதுப் பூட்டு.

ஜோதியம்மாள் துணி எதையும் எடுத்து வைக்கவில்லை. வீட்டைக் கூட்டினாள். வாசல் தெளித்துக் கோலம் போட்டாள். தன் சொம்பில் தண்ணீர் மொண்டு குளித்தாள். விளிம்பு நசுங்கிய தன் டம்ளரில் காபி ஊற்றிக்கொண்டு தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்து, கண்ணை மூடி ஒரு வாய் குடித்தாள். இந்தச் சுகத்துக்கு எந்தக் கங்கை ஈடு?

பக்கத்து வீட்டுப் பொன்னி ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். "வந்துட்டியா ஜோதிக்கா! நீ இல்லாத நேரத்துல வேற எடத்துல ரவிக்கை தச்சேன். போட்டா கையத் தூக்க முடியல. பஸ்ல கம்பி புடிக்கக்கூட ஆள் வெக்கணும் போல!"

"குடுடி, பிரிச்சுத் தச்சுடலாம்." ஜன்னல் வழியாக ரவிக்கையை வாங்கிக்கொண்டாள்.

வினோதினி முகம் சுளித்தாள். "என்ன அண்ணி, தைக்க உக்காந்துட்டீங்க? லேட்டானா கார்க்காரன் ஜாஸ்தி கேப்பான்."

"நீங்க கெளம்புங்க. நான் வரல."

"என்னக்கா இது?" தசரதன் குரல் உயர்ந்தது. "தனியா கெடந்தா ஊரு என்னைத் துப்பாதா?"

"துப்புனா தொடச்சுக்கோ. நான் எதுக்குடா அடுப்புல வேவணும்?"

"அக்கா!"

"காசியில என்ன விட்டேன்னு கேட்டியே. உன் வீட்டை விட்டுட்டேன்."

வினோதினி சிரித்துவிட்டாள். "காய், பழம்தான் விடணும் அண்ணி."

"புடிச்சதை விடணும்னுதான்மா சொன்னாங்க. உன்னாட்டம் சுரைக்காயை விட்டு சாமிய ஏமாத்த எனக்குத் தெரியல." அவள் தம்பியை நிமிர்ந்து பார்த்தாள். கண்கள் நிறைந்திருந்தன, குரல் மட்டும் இளகவில்லை. "உன்னைவிட எனக்கு யார்டா புடிக்கும்? அதனாலதான் உன் வாசலை விட்டேன். இனிமே நீ வா. எப்ப வேணும்னாலும் வா. இங்க உனக்கு நான் சந்தோஷமா சமைச்சுப் போடுவேன். அங்க வந்து கூலியில்லாத ஆளா நிக்க மாட்டேன்."

தசரதன் பூட்டை மிஷின் பலகைமேல் வைத்துவிட்டு, தலை குனிந்தபடி வெளியே நடந்தான். கார் தெருமுனை திரும்பும் வரை ஜோதியம்மாள் எழவில்லை.

பிறகு முந்தானையால் கண்ணை அழுத்தித் துடைத்தாள். பொன்னியின் ரவிக்கையைப் பலகையில் விரித்தாள். மலைப்பக்கத்துக் காற்று துணியைத் தூக்கியது. பறக்காமல் இருக்க அந்தப் புதுப் பூட்டை எடுத்து அதன்மேல் வைத்தாள்.

நல்ல கனம். தைக்கிறவளுக்கு உதவும்.