மூன்றாம் வரிசைச் சிரிப்பு

புரூக்ளினில் ஊறுகாய்த் தொழிற்சாலையில் வெள்ளரிக்காயை ஜாடிக்குள் திணிக்கிற பெர்னடீன் குல்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமை வந்தால் தலைகால் புரியாது. காலையில் சர்ச்சுக்குப் போட்ட அதே தொப்பியோடு மாலையில் சுரங்க ரயிலேறி, மன்ஹாட்டனில் தொலைக்காட்சி அரங்கின் மூன்றாம் வரிசையில் போய் உட்கார்ந்துவிடுவாள். முதலில் ஒரு விக்கல், அப்புறம் ஒரு கீச்சு, அதன் பிறகு அணை உடைந்த மாதிரிச் சிரிப்பு. அவள் சிரித்தால் பக்கத்தில் இருக்கிற கல்லுளிமங்கனும் சிரித்தே தீரவேண்டும்.

ஆட்டம் சுலபமானது. மேடைக்கு ஒரு விருந்தாளி வருவார். அவர் தொழில் பார்வையாளர்களுக்குத் தெரியும்; மேஜைக்குப் பின்னால் கோட்டும் முத்துமாலையுமாக வீற்றிருக்கும் நாலு பிரபலங்களுக்குத் தெரியாது. கேள்வி கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும்.

அந்த ஞாயிறு வந்தவருக்கு மல்யுத்தக்காரர் போன்ற ஆகிருதி. தொழிலோ, வீடு வீடாகப் போய்க் குழந்தைகளின் ஈரத்துணி வாங்கி வெளுத்துக் கொடுப்பது. ஏதோ வெளுக்கிற வேலை என்பதுவரை கண்டுபிடித்தாயிற்று; நால்வரில் ஒருவரான பதிப்பாளர் மீசையைத் தடவிக்கொண்டு கேட்டார்: "உங்க சேவை என்னை மாதிரி ஆளுக்கு ராத்திரியில உபயோகப்படுமா?"

பெர்னடீன் விக்கினாள், கீச்சிட்டாள், உடைந்தாள்.

"மூணாவது வரிசை அம்மா சிரிச்சாச்சு!" என்று கைதட்டினாள் நடிகை அட்ரியான் வேல். "அப்போ குழந்தைத் துணி வெளுக்கறவர்தான்!"

தொடங்கிய வேகத்தில் ஆட்டம் முடிந்தது. இப்படி நடப்பது முதல் தடவையும் அல்ல. நிகழ்ச்சி முடிந்ததும் தயாரிப்பாளர் ஹாவர்ஸ்டிக் அவளிடம் வந்தார். இந்த ஞாயிறு பார்த்து, இவள் அப்படி எங்கேதான் போகிறாள் என்று அறிய, கணவன் காசிமிரும் கூட வந்திருந்தான்.

"அம்மா, உங்க சிரிப்பு விடையைக் காட்டிக் கொடுக்குது. இனிமே எல்லாக் கேள்விக்கும் ஒரே மாதிரி சிரிங்க. இல்லேன்னா உங்களுக்கு இங்க இடம் கிடையாது."

"சிரிப்பு வராமயேவா?"

"அதிலென்ன கஷ்டம்?"

"பத்தொன்பது வருஷமா எங்க வீட்டுக்காரர் ஜோக்குக்கு அப்படித்தான் சிரிச்சுக்கிட்டிருக்கேன், சார். ஞாயித்துக்கிழமையாவது நிஜமா சிரிக்கலாம்னுதான் இங்க வர்றேன். போயிட்டு வரேன்."

சொன்ன பிறகுதான் பக்கத்தில் நிற்பது யார் என்று அவளுக்கு உறைத்தது.

ரயில் ஆற்றைத் தாண்டிய பிறகு, "அந்தக் கரடி ஜோக்குமா?" என்றான் காசிமிர்.

"அது ரொம்பவே."

அந்த வாரம் முழுக்க அந்த வீட்டில் ஒரு ஜோக்குகூடக் கிடையாது. பாவம், மனிதர் சூப்பை உறிஞ்சுவதற்கு மட்டுமே வாயைத் திறந்தார்.

அடுத்த ஞாயிறு இருவரும் நிகழ்ச்சியை வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியில் பார்த்தார்கள். விருந்தாளி, யானைக்குக் கால்நகம் வெட்டும் பெண்மணி. "உங்க வாடிக்கையாளரை நான் மடியில உட்கார வெச்சுக்கலாமா?" என்றார் பதிப்பாளர். பெர்னடீன் சோபாவிலிருந்து சரிந்தே விழுந்தாள். ஆனால் அரங்கத்தில் ஓர் ஈ காக்கைகூடச் சிரிக்கவில்லை. அதைக் கேட்டதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. தன் இடம் காலியாகக் கிடக்கிறதே என்ற ஆற்றாமை.

மறுநாளே ஹாவர்ஸ்டிக் தொலைபேசியில் கூப்பிட்டார். நிகழ்ச்சிக்குப் பணம் கொடுக்கிற சோப்புக் கம்பெனி முதலாளி, அரங்கத்தில் எழவு விழுந்ததா என்று கேட்டிருந்தாராம்.

"விடை தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போகுது. வாங்கம்மா!"

"என் இஷ்டத்துக்குத்தான் சிரிப்பேன்."

"சிரிங்க."

"பக்கத்து நாற்காலியும் வேணும்."

ஞாயிறு மாலை. விளக்குகள் எரிந்தன, விருந்தாளி வந்து உட்கார்ந்தார். காசிமிர் கழுத்துப் பட்டையைத் தளர்த்திக்கொண்டு, பரீட்சை எழுத வந்தவன் போல அவள் காதருகே குனிந்தான்.

"எந்தெந்த இடத்துல சிரிக்கணும்?"

"சிரிப்பு வந்தா சிரிங்க" என்றாள் பெர்னடீன். "வரலேன்னா சும்மா இருங்க. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."