வாய்க்காலில் முளைத்த கடலை

வாய்க்கால் வெட்ட ஆள் சேர்க்கிற வேலை இருக்கிறதே, அது பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுவதைவிடப் பெரிய பாடு. ஊர்ப் பொதுக்காரியத்தில் தலையைக் கொடுத்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எண்பதுகளில் திண்டுக்கல்லில் ஒரு தொண்டு நிறுவனம் எனக்கு ஒரு சைக்கிளைக் கொடுத்து, வேடசந்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்துக்கு அனுப்பியது. அங்கே குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால் தூர்ந்து, குளம் காய்ந்து, கிணறுகளும் வற்றிக் கிடந்தன. ஐப்பசி மழைக்குள் ஊர்க்காரர்களை வைத்தே வாய்க்காலை வெட்டியாக வேண்டும். தவறினால் இன்னொரு வருஷமும் வறட்சிதான்.

டீ ஆறிய கூட்டம்

முதல் கூட்டத்துக்குத் தமுக்கடித்துச் சொன்னேன். தூக்குவாளி நிறைய டீ வாங்கி வைத்தேன். வந்தது பாக்கியத்தக்காவும் இரண்டு ஆடுகளும். குளத்தை ஒட்டி அக்காவுக்குக் கொஞ்சம் நிலமும் ஒரு வற்றிய கிணறும் உண்டு. டீயை நிதானமாகக் குடித்துவிட்டு எனக்குப் புத்தி சொன்னார்: "பகல்ல கூப்பிட்டா யாரு சார் வருவா? ஊரே மில்லுல கெடக்கு. நீங்க மில் பஸ்ஸுல ஏறிப் பேசுங்க."

தலையாட்டிய பஸ்

ஏறினேன். ராத்திரி ஷிப்ட் முடிந்து வருகிற பஸ். கம்பியைப் பிடித்துக்கொண்டு, மீன் வரும், நாரை வரும், கிணறு ஊறும் என்று தொண்டை கிழியப் பேசினேன். ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோடு வருவீர்களா என்று கேட்டேன். பஸ் முழுக்கத் தலையாட்டியது. எனக்குக் கண்ணில் தண்ணீரே முட்டிவிட்டது. இறங்கும்போது டிரைவர் சொன்னார்: "அப்பு, இம்புட்டு சந்தோசப்படாத. ரோட்டுல பள்ளம். அம்புட்டுப் பேரும் தூங்கிக்கிட்டுல்ல வாராக."

அக்காவின் கடலை

அதற்கப்புறம் வேலைக்குப் போகிற பஸ்ஸாகப் பார்த்து ஏறினேன். முழித்திருந்தவர்கள் சண்டை போட்டார்கள், ஏகப்பட்ட கேள்வி கேட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை வந்தும்விட்டார்கள். வெட்டிக்கொண்டே போனோம். குளத்துக்குக் கொஞ்சம் முன்னால் வழியை மறித்து நின்றது ஒரு கடலைக்காடு. பூ விட்டுக் காய் பிடிக்கிற பருவம். யாருடையது என்று அதட்டினேன். பாக்கியத்தக்கா முன்னால் வந்தார். தண்ணீர் வராத இடத்தைச் சும்மா போடுவானேன் என்று வருஷா வருஷம் உழுது விதைத்ததில், அது வாய்க்கால் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

காய் முற்றும்வரை மழை பொறுக்காது. அந்தக் கடலைதான் அவர் அந்த வருஷம் நம்பியிருந்த ஒரே வெள்ளாமை. அக்கா யார் முகத்தையும் பார்க்காமல் குனிந்து முதல் செடியைப் பிடுங்கினார். பிறகுதான் மற்றவர்கள் குனிந்தார்கள்.

மழை வந்தது, குளம் நிறைந்தது, நாரைகள்கூட வந்து நின்றன. ஊறிய கிணற்றடியில் அக்காவைப் பார்த்து, வருத்தம் இல்லையே என்று அசட்டுத்தனமாகக் கேட்டுவைத்தேன். "இல்லாம இருக்குமா சார்? வயிறு எரியத்தான் செய்யுது. ஆனா இனிமே எவனாவது வாய்க்கால்ல வெதைச்சா எனக்குச் சொல்லிவிடுங்க. மொதச் செடிய நான் வந்து புடுங்குறேன்."

குளம் நிறைந்ததற்கு அலுவலகத்தில் எனக்குத்தான் மாலை போட்டார்கள். நானும் கூச்சமே இல்லாமல் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றேன்.