மிளகுக் குளிசையும் நான் சொன்ன ‘நாலும்’

கல்லடி என்ற ஊரில் என் தையல் கடை. ஒரு நாள் காலை கத்தரிக்கோலைப் பிடிக்க வலது பெருவிரல் மடங்கவில்லை. கத்தரிக்கோலுக்கு எண்ணெய் விட்டேன். என் மூளை அவ்வளவுதான்.

இரண்டே மாதத்தில் பத்து விரலும் வீங்கின. முடக்குவாதம் (உடலின் காவல்காரனே சொந்த மூட்டுகளை அடிக்கும் நோய்) என்றார்கள். ஆசுபத்திரியில் ஓர் ஆய்வு நடந்தது. பைப்பரின் (மிளகுக்கு உறைப்பைக் கொடுக்கும் பொருள்) வலி, வீக்கம், காய்ச்சலைத் தணிக்குமா என்று பார்ப்பதற்கு. பாதிப் பேருக்கு அது, மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாவுக் குளிசை (மாத்திரை). யாருக்கு எது என்று டொக்டருக்கும் தெரியாது. நானும் கையெழுத்துப் போட்டேன். நண்டு நடந்த தடம் போலிருந்தது.

“வலி பத்துக்கு ஏழைத் தாண்டினா உடன சொல்லுங்க ஐயா. இதை நிப்பாட்டி வேற மருந்து தொடங்கணும்,” என்றார் டொக்டர்.

மாதம் ஒருமுறை கேட்பார், பத்துக்கு எவ்வளவு வலி என்று. இளம் பெண். குளிசை வேலை செய்திருக்கும் என்ற ஆசையோடு என் முகத்தைப் பார்ப்பார். விருந்துக்குப் போன வீட்டில் கறி சரியில்லை என்று எப்படிச் சொல்வது? ஒன்பதை விழுங்கிவிட்டு, “நாலு” என்பேன். கூடவே ஒரு பகிடியும் விடுவேன். அவர் சிரித்தபடி எழுதிக்கொள்வார்.

மூன்றாம் மாதம் என் மனைவி பவளமும் கூட வந்தாள். நான் வழக்கம்போல் நாலு என்றேன்.

“டொக்டர், இந்தச் சட்டை இவர் தைச்சது. பொத்தான் பூட்டிவிட்டது நான். மூணு மாசமா நான்தான்.”

“நீ சும்மா இரு புள்ள.”

“சும்மா இருந்து இருந்துதான் இப்படியாப் போச்சு.”

டொக்டர் சிரிக்கவில்லை. இரத்தம் எடுத்தார்கள், எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். அழற்சி (உள்ளே மூண்ட வீக்கம்) ஏறிக் கிடந்தது. இரண்டு விரல்களில் எலும்பு அரித்திருந்தது.

“முதல் மாசமே சொல்லியிருந்தா இந்த ரெண்டையும் காப்பாத்தப் பார்த்திருக்கலாம் ஐயா,” என்றார், மெதுவாக.

வேறு மருந்தில் எட்டு விரல்கள் தணிந்தன. மற்ற இரண்டும் தூண்டில் முள்ளாகவே நின்றுவிட்டன. நான் விழுங்கியது மிளகு மருந்தா, வெறும் மாவா என்று இன்றும் தெரியாது. என் நாலுகளை நம்பி மிளகைப் பற்றி என்ன எழுதினார்களோ.

உங்களிடமும் யாராவது எண் கேட்டால் கேட்பவரின் முகத்தைப் பார்க்காதீர்கள். உங்கள் கையைப் பார்த்துச் சொல்லுங்கள்.

இப்போது என் நாள் விடியலில் தொடங்குவதில்லை. விரல்கள் விரியும் ஒன்பது மணிக்குத்தான் தொடங்குகிறது. பவளம் சட்டையோடு வருவாள்.

“இண்டைக்கு எவ்வளவு?”

“அஞ்சு.”

வலி அஞ்சு என்றால் மேல் பொத்தான்களை அவள் பூட்டுவாள், கீழே இரண்டை எனக்கு விடுவாள். அந்த இரண்டையும் நான் பூட்டி முடிக்கும்போது தேத்தண்ணி ஆறிப்போயிருக்கும்.